மஞ்சள் பை நிறைய மாத்திரைகளோடு டாக்டரிடம்

பிபிக்காக அட்டினோலால் 50, டெல்மிசார்ட்டன் 40 இரண்டும் காலையில் சாப்பிடுகிறேன். அது போக எலும்பு டாக்டர் எழுதிய கால்சியம், தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கோ-என்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை, மீன் எண்ணெய், தூக்கத்துக்கு மெலட்டோனின், பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக் கொடுத்த மூலிகை பிபி மாத்திரை என்று அலமாரியில் ஒரு தட்டே நிரம்பிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டால், "ஹெர்பல்தானேம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றார்கள். சரி, இது வேலைக்காகாது என்று எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு இதய டாக்டரிடமே எடுத்துப் போனேன்.

பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள், டப்பாவையே கொண்டு போங்கள். அந்த மூலிகை மாத்திரையின் பொருள் பட்டியல் கடுகு அளவு எழுத்தில் இருந்தது. டாக்டர் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். நான்காவது வரியில் சர்ப்பகந்தா என்ற மூலிகை. நல்லவேளை, நான் டப்பாவைத் திறந்திருக்கவில்லை.

"இதுல ரெசர்பின் இருக்கும்மா. 1950கள்ல இதையே பிபி மருந்தா கொடுத்தாங்க. உங்க அட்டினோலால் ஒரு பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. அதோட இது சேர்ந்தா நாடித் துடிப்பும் பிபியும் ரொம்ப இறங்கிடும்" என்று டப்பாவைத் தனியே தள்ளி வைத்தார். நாடி பார்த்தார், 56. அட்டினோலாலுக்கு அது பரவாயில்லை, ஆனால் 50-க்குக் கீழே போனாலோ தலைசுற்றினாலோ உடனே வரச் சொன்னார். எந்தப் பயம் வந்தாலும் அட்டினோலாலை மட்டும் நானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம். துடிப்பும் பிபியும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம்.

கால்சியம் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. அதை அட்டினோலாலோடு சேர்த்து விழுங்கினால், அட்டினோலால் ரத்தத்தில் சேரும் அளவு குறைகிறது. இரண்டு டாக்டர்களும் அவரவர் மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் என்றுதான் எழுதியிருந்தார்கள். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. இப்போது கால்சியம் மதிய சாப்பாட்டுக்குப் பின். என்னுடையது கால்சியம் கார்பனேட் வகை என்பதால் சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சும் என்றார். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லுக்கும் இதே இடைவெளி வேண்டுமாம். ஆரஞ்சு ஜூஸும் அட்டினோலாலைக் குறைக்கும் என்பதால் காலையில் தண்ணீர் மட்டும்தான்.

க்யூ10-ஐ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிபியைக் கொஞ்சம் இறக்கலாம், வீட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள் என்றதோடு சரி. மீன் எண்ணெயை வேண்டாம் என்றார். அதிக டோஸில் தொடர்ந்து எடுத்தால் இதயம் ஒழுங்கு தப்பித் துடிக்கும் வாய்ப்பு கூடுகிறதாம். தூக்கம் கெட்டதற்கு அட்டினோலாலே காரணமாக இருக்கலாம், இரவில் உடம்பு தானாகச் சுரக்கும் மெலட்டோனினை அது குறைக்கும் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியம். மாலைக் காபியை விட்டுப் பார்த்து, அப்புறமும் தூக்கம் வராவிட்டால் குறைந்த டோஸில் மெலட்டோனின் தொடங்கலாம் என்று ஒத்தி வைத்தார்.

எழுந்திருக்கும்போதுதான், "சமையலுக்கு என்ன உப்பு?" என்று கேட்டார். சோடியம் குறைந்த உப்பு என்று பெருமையாகச் சொன்னேன். அதில் சோடியம் உப்பில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்ட்டனே பொட்டாசியத்தை ஏற்றும், பீட்டா பிளாக்கரும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றலாம். உடனே பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். அட்டினோலால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியாட்டினினும் தெரிய வேண்டுமாம்.

கிரியாட்டினின் சரியாக இருந்தது. பொட்டாசியம் 5.2, எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்தது. பழைய கல்லுப்புக்கே திரும்பிவிட்டோம், அளவை மட்டும் பாதியாக்கி. மாமியாருக்குக் குழம்பு உப்பில்லாமல் இருக்கிறது என்று வருத்தம். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.