போகாது அக்கா

"இது நான் அனுப்பினதில்ல தம்பி. ஆனா பேரும் முகவரியும் என்ட." கணக்குப் பிரிவு அக்கா ஏ4 தாளில் அச்செடுத்து நீட்டிய மின்னஞ்சலில் தன் பெயரைச் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்தார். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாம், நிலுவையை இனிப் புதுக் கணக்கில் போடட்டுமாம். வாடிக்கையாளர் மூன்று பேருக்குப் போயிருந்தது.

அஞ்சல் வந்த வழியைக் காட்டும் ஹெடரை அனுப்பச் சொல்லி அவர்களைக் கேட்டேன். இரண்டு பேர் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். (எப்போதும் இதே கதைதான்.) நல்லவேளை, ஒரு பிரதி எங்கள் பெட்டிக்கும் வந்திருந்தது. அஞ்சல் கடந்துவந்த ஒவ்வொரு சேர்வரும் ஹெடரில் எழுதும் 'றிசீவ்ட்' வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்; ஆனால் அடியில் உள்ளதை அனுப்பியவனே பொய்யாகச் செருகியிருக்கலாம். எங்கள் சேர்வர் தன் கையால் எழுதிய வரியைத்தான் நம்பலாம். அதில் கிடந்த ஐபி, அதாவது அனுப்பிய கணினியின் இணைய எண், வெளிநாட்டில் யாரோ கைவிட்ட ஒரு பழைய இணையத்தளத்துடையது. திருடன் வீடென்று போனால், அது திருட்டுப் போன வீடு.

அப்போதுதான் அக்கா கேட்டார்: "இனி ஒருத்தருக்கும் என்ட பேரில போகாதுதானே?"

"போகாது அக்கா. அடைச்சிட்டன்."

அடைத்தது உண்மை. அந்த ஐபி இருந்த வரிசையின் 256 முகவரிகளையும் சேர்த்தே அடைத்தேன். ஆனால் அடைத்தது எங்கள் படலையை. எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் அயல்வீட்டுக் கதவைத் தட்டுவதை அது எப்படித் தடுக்கும்? இது எனக்கு அப்போதும் தெரியும். பின்னேரம் நாலரை, அவருக்கு மூதூர் பஸ் பிடிக்க வேண்டும், கை வேறு நடுங்குகிறது. அந்த நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டா நிற்பது?

விளக்கியிருந்தால் மற்றதையும் சொல்லவேண்டி வந்திருக்கும். 1982இல் எழுதிய எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் விதிமுறையில் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்க வழியே இல்லை. 2012இல் வந்த டிமார்க் அதற்குத்தான்: எங்கள் முகவரியில் பொய் அஞ்சல் வந்தால் என்ன செய்வதென்று மற்றச் சேர்வர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு. எங்கள் டொமைனில் (முகவரியில் @க்குப் பின்னால் வருவது) அதைப் போட்டவன் நான். 'பொய் அஞ்சலை விடு, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில். சம்பளச் சீட்டு அனுப்பும் வெளிச் சேவைக்கு, அஞ்சல் எங்களதுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் இல்லை, இறுக்கினால் அதுவும் விழும் என்ற பயம். கொஞ்ச நாளைக்கு என்று விட்டது, இரண்டு வருடம். அறிக்கைகள் நாள்தோறும் ஒரு பெட்டியில் விழுந்தபடி இருந்தன. அன்றிரவுதான் திறந்தேன். அதே ஐபி, மூன்று கிழமைக்கு முன்னரே.

நாலாம் நாள் நிலாவெளி ஹோட்டல் ஒன்றிலிருந்து அக்காவுக்குக் கோல். "கணக்கு மாறினது உண்மையோ எண்டு கேட்டு எழுதினம், திரும்பி வந்திட்டுது." அவர்களின் சேர்வரும் அந்த 256க்குள். சந்தேகப்பட்டுக் கேட்ட ஒரேயொரு ஆளை நான் தடுத்திருக்கிறேன். காசு போகவில்லை, அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

இப்போது டிமார்க் 'நிராகரி'யில் இருக்கிறது. சம்பளச் சேவையைக் கையொப்பம் போடவைக்க ஒரு பின்னேரம்தான் எடுத்தது. ஆனால் அக்காவின் பெயரை மட்டும் போட்டு, வேறேதோ இலவச முகவரியிலிருந்து எழுதினால் டிமார்க்கும் பிடிக்காது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் பில் அனுப்பிய கையோடு ஒவ்வொருவருக்கும் கோல் எடுக்கிறார்: "நான்தான் அனுப்பினது. கணக்கில கடைசி நாலு இலக்கத்தைச் சொல்லுங்கோ பாப்பம்."

என் மேசைக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்கிறார்.