பயப்படுகிற நாளில்

யாழ்ப்பாணக் கல்லூரியில் 90களின் முற்பாதியில் படித்த எங்களுக்குப் பயம் வானத்திலிருந்துதான் வந்தது. மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் நெருப்பு விலை, இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, பகலில் சகடை என்று நாங்கள் சொல்லும் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டால் கொப்பி பேனையை அப்படியே போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓட்டம்.

வேதபாடம் எடுத்த சேரிடம் ஒருநாள் கேட்டேன், "பயப்படாதே எண்டு வேதத்தில எவ்வளவு இடத்தில கிடக்கு, எனக்கு வயிறு கலங்குதே சேர்?" அவர் சொன்னார், "கலங்கட்டும் தம்பி. ஆருக்குப் பயந்து என்ன செய்யிறாய் எண்டதைப் பார்." பிறகு யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தைத் திறந்தார். எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொன்றுபோடச் சொல்லிப் பார்வோன் கட்டளையிடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்தபடியால் பிள்ளைகளை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். படையில்லை, பலமில்லை, அரசன் எதிரே நிற்கிறான், ஆனாலும் அவர்களுக்குப் பெரியவர் வேறொருவர்.

அதை அவர் பாடமாக மட்டும் சொல்லவில்லை. விமானம் வந்தால் பங்கர் வாசலில் நின்று சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்குவார். விரலுக்கிடையில் இருந்த சோக்கட்டி நடுங்குவதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன், ஆனால் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவர் உள்ளே கால் வைத்ததில்லை.

1995 யூலை 9. நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கோயிலுக்குள் இருந்தவர்களையே கர்த்தர் காக்கவில்லையே என்று கேட்டோம். சேர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். பெலிஸ்தர் காத் ஊரில் பிடித்தபோது தாவீது பாடிய 56ஆம் சங்கீதத்தை எடுத்து, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று வாசித்தார், அழுதார், பிறகு இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குச் சமைக்க விறகு கொத்த எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த அந்தச் சனக்கடலில் என் வாயில் இருந்தது அந்த ஒரு வசனம்தான்.

புலம்பெயர்ந்து இங்கே வந்து வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒருமுறை, கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னார் மேலாளர். விசா இன்னும் சரியாகாத காலம், வேலை போனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வழியில்லை. சரியான பயம். ஆனாலும் அந்த முதியவரைப் படைத்தவருக்கு நான் கணக்குக் கொடுக்கவேண்டும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது, நான் எழுதவில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு கேள்வி. அடுத்த நன்றி ஆராதனையில் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்த மருத்துவச்சிகளின் பகுதியைத் தமிழில் வாசிக்கக் கொடுப்பீர்களா? வாசிப்புப் பழக்க நான் வருகிறேன்.