பகா எண்தான் கோயில்

நேற்று ராத்திரி ரேட்டிங் ஏறியது: 1412. கோட்ஃபோர்சஸ் என்ற புரோகிராமிங் போட்டித் தளத்தில் என் பெயரின் நிறம் ஒருவழியாக அடுத்த படியான சியானுக்கு மாறிவிட்டது. போன மாதமே ஆகியிருக்க வேண்டியது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

போன மாதப் போட்டியின் நான்காவது கணக்கான டி இதுதான். 2 லட்சம் எண்கள், எல்லாம் 10 லட்சத்துக்குள்; ஜிசிடி (மீப்பெரு பொது வகுத்தி) 1 வரும் ஜோடிகள் எத்தனை? காரைக்குடியில் ஆயா வீட்டு முகப்பில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் கட்டுக்குப் போனால் சிக்னல் செத்துவிடும், சுவர் அவ்வளவு கனம். மொத்தம் 2,000 கோடி ஜோடி. ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடக்கிற காரியமா?

உள்ளே ஆயா போனில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேரும் பிள்ளையார்பட்டியால்ல இருக்காக? பங்காளியாப் போச்சு, விடு."

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தில் பிள்ளையார்பட்டி மாதிரி ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள்; பொதுவாக அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. பொறி தட்டியது. பகா எண்தான் கோயில்: ஒரே பகா எண்ணால் வகுபடும் இரண்டு எண்கள் பங்காளிகள். ஒரே கோயில் ஜோடிகளை மொத்தத்தில் கழித்தால் மீதிதான் விடை. ஆனால் நகரத்தாருக்கு ஆளுக்கு ஒரு கோயில். 6-க்கு 2, 3 என்று இரண்டு. அதனால் 6, 12 ஜோடி இரண்டு தடவை கழிந்துவிடும், ஒரு தடவை திரும்பக் கூட்ட வேண்டும். 4-ஐத் தொடவே வேண்டாம், 2-லேயே கழிந்தாயிற்று. மோபியஸ் சார்பு என்று பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான். ஒவ்வொரு எண்ணின் மடங்கும் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எண்ண, சுமார் 1.4 கோடி படிகள். இரண்டு வினாடி தாராளம்.

அனுப்பினேன். ப்ரீடெஸ்ட் (போட்டி நேரத்திலேயே ஓட்டும் சோதனை) 7-ல் தவறான விடை. யோசனையே தப்பு என்று நினைத்து, கடைசி 25 நிமிடமும் மோபியஸையே அழித்து அழித்து எழுதினேன். தப்பு அங்கே இல்லவே இல்லை. விடையை லாங் லாங்கில் (பெரிய எண்களைக் கொள்ளும் வகை) வைத்தவன், ஜோடி எண்ணும் பெருக்கலை இன்ட்டிலேயே (சுமார் 214 கோடி வரைதான் கொள்ளும்) விட்டிருந்தேன். 46,342 எண்கள் சேர்ந்தாலே அந்தப் பெருக்கல் (46,342 × 46,341) வழிந்துவிடும்.

இந்தத் தடவையும் டி மடங்கு எண்ணும் கணக்குதான். 40 நிமிடத்தில் முடிந்தது.

சரி, சொல்ல வேண்டியவை:

- சின்ன டெஸ்ட் எல்லாம் தாண்டிப் பெரியதில் விழுந்தால் முதலில் இன்ட்டைப் பாருங்கள். அப்புறம் இன்னொரு தடவை இன்ட்டைப் பாருங்கள்.
- பெருக்கும் முன்பே லாங் லாங் ஆக்குங்கள். பெருக்கிய பிறகு ஆக்கிப் பயனில்லை.
- சல்லடையை (பகா எண்களைப் பிரித்தெடுக்கும் நிரல்) முன்கூட்டியே எழுதி வையுங்கள்.
- முதல் இரண்டு கணக்குகளான ஏ, பி-யை நான் நிதானமாகத்தான் போடுவேன். வேகக்காரர்கள் இதைக் கேட்க வேண்டாம்.
- 1-க்குக் கோயிலே கிடையாது. எல்லாரோடும் சேரும், இன்னொரு 1-உடனும். சிலர் அந்த ஜோடியை விட்டுவிடுகிறார்கள்.