பூச்சி அரித்த வாதுமை இலை

சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு நாட்டு வாதுமை மரம் நிற்கிறது. மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்பார்கள். உதிரும் முன் அதன் இலை கருஞ்சிவப்பாகிவிடும். காலையில் கூட்ட வரும் தஞ்சாவூர்த் தம்பி, நான் மண் தட்டு செய்வதற்கென்று நாலைந்து இலைகளைத் தூணோரம் எடுத்து வைத்திருப்பார்.

களிமண்ணைச் சப்பாத்தி போலத் தேய்த்து, நரம்பு எடுப்பாக இருக்கும் இலையின் அடிப்பக்கத்தை அதில் படியவைத்து, மேலே ஒருமுறை கட்டையை உருட்டுவேன். காம்பைப் பிடித்து மெல்ல உரித்தால் நடுநரம்பு, கிளைநரம்பு, இடையில் ஓடும் நூல் வலை எல்லாம் மண்ணில் இறங்கியிருக்கும். உரிக்கும்போது பக்கத்தில் யார் பேசினாலும் என் காதில் விழாது.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஆரம்பத்தில் மின்விசிறிக்கு அடியில் வைத்து ஏழு தட்டுகளை இழந்தேன். ஓரம் முந்திக் காய்ந்து, நடு ஈரமாகவே இருந்ததால் விரிசல் விட்டுவிட்டது. இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு வாரம் விடுகிறேன். 25 செண்டிமீட்டர் இலை, சூளையிலிருந்து வரும்போது 22 ஆகச் சுருங்கியிருக்கும்.

முன்பெல்லாம் பூச்சி அரிக்காத இலையாகத்தான் தேடுவேன். போன மாதம் ஒருநாள் நல்ல மழை. கிடைத்தது ஒரே ஒரு இலை, அதிலும் ஐந்தாறு ஓட்டை. சரி, இருக்கட்டும் என்று உருட்டினேன். உரித்துப் பார்த்தால், ஓட்டை இருந்த இடத்திலெல்லாம் மண் பிதுங்கிச் சின்னச் சின்ன மேடாக நின்றது. பூச்சி தின்ற இடம் தட்டில் உயர்ந்து நிற்கிறது! விரலால் தடவினால் ஒவ்வொரு கடியின் ஓரமும் தெரிகிறது.

1988இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற மட்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜலீல், தம் தேநீர்க் கூஜாக்களுக்கு மரக் குச்சியையே கைப்பிடியாக வைப்பார். குச்சியின் கோணல் அப்படியே இருக்கும். அதை எத்தனையோ முறை ரசித்திருக்கிறேன். என் இலைக்கும் அது பொருந்தும் என்று மட்டும் அதுவரை தோன்றவில்லை.

அந்த ஓட்டை இலைத் தட்டுக்கு நான் கிளேஸ் (சூட்டில் கண்ணாடி போலாகும் பூச்சு) பூசப்போவதில்லை. லோரோங் தாவாஸில் 1940இல் கட்டிய டிராகன் சூளை, அதாவது சரிவில் நீளமாக அமைந்த விறகுச் சூளை, இருக்கிறது. அடுத்து அங்கே விறகு மூட்டும்போது கொடுக்கப்போகிறேன். விறகுச் சாம்பல் பறந்து வந்து தட்டின்மேல் விழுந்து, உருகி, அதுவே கிளேஸாகிவிடும். அந்த மேடுகளைச் சுற்றிச் சாம்பல் எப்படித் தேங்கும் என்று பார்க்க வேண்டும்.

நேற்று தம்பியிடம், “இனி ஓட்டை இருக்கிற இலையா எடுத்து வைங்க” என்றேன்.

“ஐயோ, அதெல்லாம் குப்பைன்னு இப்பதான் அள்ளிப் போட்டேன், அக்கா” என்று பதறியவர், கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார்.