பெர்லினில் ஒரு பாஸ்போர்ட் அதிகாரி

விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் கவுன்டரில் 19 வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவருக்கு அப்பா பெயர் ஒரு தாளில் முழுதாகவும் இன்னொன்றில் வெறும் இனிஷியலாகவும் இருந்தது. மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரிதான். மூன்றாம் தடவை அவர் ஒன்றும் பேசாமல் தாள்களை ஒவ்வொன்றாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஃபிராங்க் ஃபோலியைப் பற்றிப் படித்தபோது முதலில் அந்தப் பைதான் ஞாபகத்துக்கு வந்தது. 1884-இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் பிறந்தவர். 1939 வரை பெர்லினில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கட்டுப்பாட்டு அதிகாரி. உண்மையில் அவர் உளவுத்துறை ஆள், விசா கொடுப்பது வெளியே காட்டிக்கொள்ள ஒரு வேலை. அதைக் கடமைக்குச் செய்துவிட்டுப் போயிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தூதர்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது, மாட்டினால் கைதுதான்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் அவர் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டன் கையில் இருந்தது; 1,000 பவுண்ட் வைத்திருப்பவருக்கு முதலீட்டாளர் என்ற பிரிவில் அங்கே குடியேற அனுமதி உண்டு. ஆனால் நாஜி அரசு பணத்தை நாட்டைவிட்டுக் கொண்டுபோக விடாதே, அப்புறம் எங்கிருந்து காட்டுவது? அந்தத் தொகையைத் தருகிறேன் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதிய கடிதம் போதும் என்றார் ஃபோலி. அந்தப் பணம் கைமாறப் போவதில்லை என்று தெரிந்தே முத்திரை குத்தினார். கவுன்டரில் இருந்தவனுக்குத்தான் இதன் கனம் புரியும். விதி ஒரு தாளைக் கேட்கிறது. எந்தத் தாளை ஏற்பது என்று முடிவெடுக்கும் இடம் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச இடத்துக்குள் அவர் ஒரு குடும்பத்தையே உட்கார வைத்துவிட்டார்.

சில சமயம் விதியைத் தாண்டியும் போனார், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் ஜெப ஆலயங்களும் நொறுக்கப்பட்டு ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, வெளிநாடு போக விசா இருந்தால் விடுதலை கிடைக்க வழி இருந்தது. இவர் விசாவோடு சாக்ஸன்ஹவுசன் முகாமுக்கே போனார். தேடப்பட்டவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தார். அவரால் தப்பியவர்கள் 10,000 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

1949-இல் ஓய்வு பெற்று ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரில் மனைவியோடு அமைதியாக இருந்தார். 1958-இல் அங்கேயே இறந்தார். உளவு வேலையில் இருந்தவர் என்பதால் பெர்லின் கதை வெளியே பேசப்படவே இல்லை. 1961-இல், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணையில் பென்னோ கோன் என்ற சாட்சி அவரை நன்றியோடு குறிப்பிட்டார். நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனம் யாத் வஷேம் கௌரவித்தது 1999-இல்தான். 2018-இல் ஸ்டவர்பிரிட்ஜ் பூங்காவில், பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல அவருக்குச் சிலை வைத்தார்கள். உயிரோடு இருந்தபோதே யாராவது அவர் கையைப் பிடித்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் அடிக்கடி போன் செய்து சந்தேகம் கேட்பாள். போன வாரம் மறுபடியும் ஒரு இனிஷியல் சிக்கல். "அந்த ஆள் இன்னும் அங்கதான் நிக்கிறாரா? போகவிடாதம்மா, வேற என்ன தாள் வச்சிருக்கார்னு கேளு" என்றேன்.