இடது பெருவிரல் ரேகை

என் சித்தப்பா மகன் கோவையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை பார்த்து வந்தான். 2022ஆம் ஆண்டு ஒருநாள், தகட்டை டையின் (வார்ப்பு அச்சின்) மீது வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. அப்போது அவனுக்கு வயது 30. மாதச் சம்பளம் 14,000 ரூபாய். ஐந்தாம் நாள் பட்டறையின் கணக்குப்பிள்ளை மருத்துவமனைக்கே வந்து, 40,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, இனி எவ்விதப் பாத்தியதையும் கோரமாட்டேன் என்று தட்டச்சு செய்த முத்திரைத்தாளில் அவனுடைய இடது பெருவிரல் ரேகையை வாங்கிச் சென்றார். கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான்; ஆனால் வலது கையில் முழங்கை வரை கட்டு இருந்தது.

"ஆஸ்பத்திரிச் செலவையும் முதலாளிதானுங்கண்ணா பார்த்தாரு, இதுக்கு மேல கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று அவன் என்னிடம் கேட்டான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, சம்பளமும் 21,000 ரூபாய்க்குள் இருந்திருந்தால், ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மூலம் மாதந்தோறும் ஊனப்படி கிடைத்திருக்கும். இவனுடைய பட்டறையில் மொத்தமே ஏழு பேர் என்பதால் அந்த வழி இல்லை. எஞ்சியிருந்தது 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளைப் புதிய தொகுப்பு வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டுள்ளது. இவனுடைய விபத்து அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டத்தின்படியே சொல்கிறேன்.

அச்சட்டத்தில் இழப்பீடு என்பது முதலாளியின் மனம் இளகுவதைப் பொறுத்ததன்று. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் நேர்ந்ததா என்பதே கேள்வி. முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்கும் வாய்ப்பாடு போல நேரானது. முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கான காரணி 207.98. ஆக 8,400 ரூபாயை 207.98ஆல் பெருக்கினால் 17,47,032 ரூபாய். ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று முதல் அட்டவணை சொல்கிறது. எனவே அவனுக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 3,49,406 ரூபாய். பெருவிரல் போயிருந்தால் 30 விழுக்காடு. வலது கை, இடது கை என்ற வேறுபாட்டை அட்டவணை பார்ப்பதில்லை, அது எனக்கு இன்றுவரை உறுத்தலாகவே இருக்கிறது.

அப்படியானால் அந்த முத்திரைத்தாள்? இழப்பீட்டு உரிமையைத் துறப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் 17ஆம் பிரிவின்படி செல்லாது. இருதரப்பும் பேசி ஒரு தொகையை முடிவு செய்வதில் தடையில்லை. ஆனால் அந்த உடன்பாட்டை முதலாளி இழப்பீட்டு ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்று தோன்றினால் ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். அனுப்பாமலே விட்டால் என்ன ஆகும் என்பதை 29ஆவது பிரிவு சொல்கிறது: முதலாளி முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பாவதோடு, ஏற்கெனவே கொடுத்த தொகையில் பாதிக்கு மேல், ஆணையர் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, கழித்துக்கொள்ளவும் முடியாது. திருட்டுத்தனமாக ரேகை வாங்குகிறவர்களுக்கு 1923ஆம் ஆண்டிலேயே ஒருவர் யோசித்து வைத்த தண்டனை இது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரிச் செலவோ இழப்பீட்டுக் கணக்கில் சேரவே சேராது. சிகிச்சைச் செலவைக் கொடுப்பது முதலாளியின் தனிக் கடமை.

இழப்பீடு கேட்டுப் பட்டறைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியதும் பதில் வந்தது. பாதுகாப்புத் தடுப்பை அவனே கம்பியால் மேலே கட்டி வைத்திருந்தான் என்றார்கள். தடுப்பை வேண்டுமென்றே அகற்றியவருக்கு இழப்பீடு இல்லை என்பது சட்டத்தில் உள்ளதுதான். குடிபோதைக்கும் அதே விதி. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் மட்டும் இந்த விலக்குகள் பொருந்தா. ஆனால் வெறும் கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு. அந்தப் பட்டறையில் நான்கு பிரஸ்களிலும் தடுப்பு மேலே கட்டப்பட்டே இருந்தது என்றும், கட்டாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கான எண்ணிக்கை தேறாது என்றும் உடன் வேலை பார்த்தவர் சாட்சி சொன்னபின் அந்த வாதம் நிற்கவில்லை.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். விபத்தன்று அவனை அழைத்துச் சென்றவர், வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி வழியெல்லாம் வற்புறுத்தியிருக்கிறார். வலியில் இருந்தவன் பணியிலிருந்த மருத்துவர் கேட்டதும் நடந்ததைச் சொல்லிவிட, பதிவேட்டில் "பிரஸ் மெஷினில் கை சிக்கியது" என்று ஏறிவிட்டது. சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. மாதாமாதம் ஜிபேயில் வந்த தொகைதான் அவன் அங்கே வேலை பார்த்ததற்கும் சம்பளத்துக்கும் சான்று.

தொழிலாளிக்கும் கடமைகள் உண்டு. விபத்தை இயன்றவரை விரைவாகத் தெரிவிக்க வேண்டும், கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், முதலாளி தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் போக வேண்டும். மறுபக்கம், இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி, தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதிவரை அபராதம். அந்த வழக்கின் தொழிலாளி ஒரு தச்சர். இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தவர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே நீதிமன்றம் கொண்டது.

உயிரிழப்பு என்றால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, துக்க வீட்டில் உறையில் வைத்துக் கொடுக்கும் பணத்தைச் சட்டம் இழப்பீடாக ஏற்பதில்லை.

இவனுடைய கோரிக்கையில் ஆணையரின் உத்தரவு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கொடுத்த 40,000 ரூபாயில் 20,000 மட்டும் கழித்து, மீதத்தை வட்டியோடு கட்டச் சொன்னார்கள். பணம் பெறும் படிவத்தில் ரேகை வைக்கிறீர்களா என்று எழுத்தர் மைப்பெட்டியை நகர்த்தியபோது, அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பேனாவைப் பிடித்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டான்.