ஆறு வருடக் கம்பி

ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர்கள் இரண்டு பேர் இருக்கலாம், மூன்று பேர்கூட இருக்கலாம். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு மட்டும் அநேகமாக ஒரே ஆள்தான்; நான் அந்த ஆள். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதெல்லாம் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒருவர் கேபிளைப் பிடுங்குவார், இன்னொருவர் செருகுவார். அப்போது 'நல்லா இருக்கீங்களா' என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வியே கம்பியைப் பற்றித்தான்.

போன மாதமும் அப்படித்தான். நாங்கள் வாசித்து முடித்ததும் அடுத்த குழுவின் பேஸ் பையன் வந்து நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஐந்து கம்பி பேஸ், பளபளவென்று புது ஸ்டீல் கம்பிகள். என்னுடையதைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இது ஃபிளாட்வவுண்டா?"

"ஆமா."

"எப்ப மாத்துனீங்க?"

"ஆறு வருஷம் இருக்கும்."

ஆறு வருடமாகக் குளிக்கவில்லை என்று சொன்னதுபோல் பார்த்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் போட்டிருந்தது ரவுண்ட்வவுண்ட். நடுக்கம்பியைச் சுற்றி உருண்டையான மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றுக்குச் சுற்று பள்ளம் இருக்கும். புதிதாக இருக்கும்போது பியானோ மாதிரி கணீரென்று ஒலிக்கும். அப்புறம் விரல் வியர்வையும் அழுக்கும் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்து, சில வாரங்களிலேயே மங்கிவிடும். கல்லூரி நாட்களில் புது செட் வாங்க முடியாமல், கழற்றிய கம்பிகளை அம்மாவின் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறேன். உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் சில நாட்களுக்குத்தான். பாத்திரம் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்தபோது வந்த சத்தம் எந்த ஆம்ப்ளிஃபயரிலும் வராது.

ஃபிளாட்வவுண்டில் சுற்றுவது தட்டையான பட்டை. தடவினால் வழவழவென்று இருக்கும், அழுக்கு தங்கப் பள்ளம் கிடையாது. கணீர் குறைவு. ஆனால் அது மங்குவதற்கு முதலில் பிரகாசம் என்று ஒன்று இருந்தால்தானே! மோடவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடிமனான ஃபிளாட்வவுண்டைத்தான் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அதையும் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். இதை அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் சளைக்கவில்லை. 1966இல் 'தி ஹூ' குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசில், கம்பி தயாரிக்கும் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து ரவுண்ட்வவுண்டைச் சரிசெய்து வாங்கிய கதையை எடுத்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அவன் சவுண்ட் செக் பண்ணினான். தனியாகக் கேட்க அவ்வளவு அழகு. கீழே கனம், மேலே மினுக்கு, நடுவிலுள்ள அதிர்வெண்களை, அதாவது மிட் எல்லாவற்றையும் குறைத்து வைத்திருந்தான். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்ததும் ஆளைக் காணோம். கம்பியில் நகம் படும் 'டிக்' சத்தமும், எங்கிருந்தோ ஓர் உறுமலும்தான் மிச்சம்.

இந்தப் பள்ளத்தில் நான் பத்து வருடம் விழுந்து கிடந்தவள். நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பியைச் சும்மா மீட்டினால் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். சின்ன மேடையில் ஆம்புக்குப் பக்கத்தில் நிற்கும் நமக்கு அது சரியாகப் பிடிபடாது. இந்தச் சுரம்தான் என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதற்கு மேலே 82, 123 என்று அடுக்கடுக்காக ஏறும் துணை அதிர்வுகள். கைப்பேசியின் துளியூண்டு ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனாலும் அதில் பேஸ் வரியைப் பிடிக்க முடிகிறதே, அது இவற்றால்தான். மிட்டை வெட்டினால் இதில் ஒரு பெரும் பங்கும் சேர்ந்து போய்விடும். மேடையில் எடுபடும் டோன் தனியாகக் கேட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும். நான் வீட்டில் வாசித்தால், மாடி வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவது மாதிரி இருக்கிறது என்பாள் என் மகள்.

"மிட்டைக் கொஞ்சம் ஏத்து தம்பி" என்றேன். சிரித்தான், ஏற்றவில்லை.

ஆம்ப் எங்கள் இருவருக்கும் ஒன்றேதான், என்னுடையது. ஸ்பீக்கர் இல்லாத தலைப்பகுதி இரண்டரைக் கிலோதான், கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை, தோள்பையில் அடங்கிவிடும். ஒரு காலத்தில் வால்வு ஆம்ப் வெறி பிடித்து அலைந்தேன். 1969இல் ஆம்பெக் கொண்டுவந்த எஸ்விடி மாதிரி, 300 வாட், தலை மட்டுமே நாற்பது கிலோவை நெருங்கும். அதனோடு பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடுக்கிய பெட்டி வேறு. என் முதுகு அந்தக் கனவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எப்படியும் கூட்டத்துக்குப் போவது, பேஸின் ஒலியை நேரடியாக அரங்க ஒலியமைப்புக்கு அனுப்பும் டிஐ பாக்ஸ் வழியாகத்தான். ஆம்ப் என் காதுக்கு மட்டும்.

மூன்றாவது பாட்டில் அவன் பேஸ் 'பர்ர்ர்' என்று கிழிந்தது. நாலு பார் தாண்டியதும் மெலிந்தது, அப்புறம் மௌனம். அவன் கேபிளை ஆட்டினான், வால்யூமைத் திருகினான், டிரம்மரைப் பரிதாபமாகப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது வோல்ட் பேட்டரி. உள்ளே பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ள ஆக்டிவ் பேஸ்களில் பெரும்பாலும் கேபிள் செருகும் துளைதான் பேட்டரிக்குச் சுவிட்ச். செருகியபடி விட்டால் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். முந்தின நாள் ஒத்திகைக்குச் செருகியதைப் பிடுங்கவே இல்லையாம், பிறகு சொன்னான்.

பாட்டு முடிந்ததும் என் பேஸை நீட்டினேன். ஆறு வருடத்தில் அதை என்னைத் தவிர யாரும் வாசித்ததில்லை.

ஐந்து கம்பி பழகிய கட்டைவிரல், இல்லாத பி கம்பியை முதல் பாட்டு முழுக்கத் தேடியது. பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் கம்பியை ஓங்கி ஒரு ஸ்லாப் அடித்தான். 'தொப்' என்று ஈரத்துணி விழுந்த சத்தம். அதோடு ஸ்லாப்பை விட்டுவிட்டு அடக்கமாக வாசித்தான்.

வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். அதே பேஸ், அதே கம்பி, அதே ஆம்ப். குமிழ்களை அவன் தொடவே இல்லை. ஆனால் நான் வாசித்தது போர்வைக்குள்ளிருந்து வருகிறது, அவன் வாசித்தது ஒவ்வொரு சுரமும் எழுந்து நிற்கிறது. 'டோன் விரலில்தான் இருக்கிறது' என்ற வசனம் எனக்குப் பிடிக்காது. விலை உயர்ந்த பேஸ் வைத்திருப்பவர்கள்தான் அதை அதிகம் சொல்வார்கள். ஆனால் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் மீட்டுவது ஃப்ரெட்போர்டு முடியும் இடத்தருகே. அவன் மீட்டியது கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமாக, மூன்று விரல்கடை தள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக ஒலியை மாற்றும் பெடல் எத்தனை வாங்கி விற்றிருக்கிறேன்!

மறுநாள் அலுவலகத்தில் தணிக்கைக் கோப்புகளுக்கு நடுவே மேசை விளிம்பில் விரலைத் தள்ளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நாங்கள் அடிக்கடி பேசிக்கொண்டோம். அவனுக்கு இரவு ஷிப்ட் வேலை, விடியற்காலையில் ஹெட்போனோடு பயிற்சி. எனக்கு முதுகுவலி, அகலமான ஸ்ட்ராப் பற்றிய ஆராய்ச்சி. ஒருநாள் அவனும் ஃபிளாட்வவுண்ட் வாங்குவதாகச் சொன்னான். சில ஃபிளாட்வவுண்டுகள் கூடுதலாக இழுக்கும், நான்கு கம்பி சாதாரண செட்டே ஏறத்தாழ எண்பது கிலோ அளவுக்கு பேஸின் கழுத்தை, அதாவது நெக்கை இழுக்கிறது, உனக்கு ஐந்து, அதனால் மாட்டி ஒருநாள் விட்டு நெக் வளைந்திருக்கிறதா பார், அந்த வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதே என்று நீளமாகப் பாடம் எடுத்தேன்.

நேற்று இரவு பதினோரு மணிக்கு அழைத்தான்.

"அக்கா, ஈ கம்பியோட நுனி பிரிஞ்சு வருது. மேல இருக்கிற பட்டை தனியா கழண்டு சுத்துது."

"நீளமா இருக்குன்னு வெட்டினியா?"

"ஆமா."

"வெட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துல செங்குத்தா மடக்கினியா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"மடக்கணுமா?"